முதுகு காட்டி நின்றவர்

அத்தியாயம் 4

“இது என்ரை மனுசன்” என்றாள் கஜந்தினி.

உணவகத்தின் சுவரில் தொங்கிய ஓவியத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் கடல் இருந்திருக்க வேண்டும். மூடுபனி அதை முழுசாக விழுங்கியிருந்தது. காலடியில் கொஞ்சம் புல், ஒரு வெள்ளைப் பாறையின் விளிம்பு, அதற்கப்பால் வெறும் வெளிச்சம். முகம் தெரியவில்லை. மூக்கின் நுனிகூடத் தெரியவில்லை.

“முகமே இல்லியே அக்கா” என்று தாட்சாயினியின் காதருகே முணுமுணுத்தான் மாக்சிம். “இத வச்சு ரயிலுக்கு நவிகோ கார்டு கூட எடுக்க முடியாது.”

தாட்சாயினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். பாரீசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம் இருந்தது. அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரத்தை அங்கே சுவரில் மாட்டியிருந்தாள். உதவிக்கு வந்த இந்தப் புதுச்சேரிக்காரப் பொடியனை எங்கே மாட்டுவதென்றுதான் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

கஜந்தினி பக்கத்துப் பலசரக்குக் கடையில் காசாளர். அவளுடைய கணவன் சேந்தன் மரக்கறி வான் ஓட்டியவன். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நொர்மாந்திக் கரையில் ஒரு சுண்ணாம்புப் பாறையிலிருந்து விழுந்து இறந்துபோனான். பார்த்தவர் எவரும் இல்லை. வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று ஜொந்தார்ம் பொலிசார் கேட்டபோது, அன்று காலை சண்டை நடந்ததை அவள் மறைக்கவில்லை. தானே குதித்தான் என்று முடிவுகட்டிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

போன மாதம் அவள் மேல்மாடிக்கு வந்து, “அவர் உண்மையாத் தானாத்தான் குதிச்சவரோ எண்டு ஒருக்கா அறிஞ்சு சொல்லுங்கோ அக்கா” என்று கேட்டிருந்தாள். இதில் தேட ஒன்றும் இல்லை, டொக்டரிடம் போய் நித்திரைக் குளிசை வாங்குங்கள் என்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியவள் தாட்சாயினி. இன்றைக்குக் கஜந்தினியிடமிருந்து தொலைபேசி வந்ததும் படிகளில் ஓடி இறங்கினாள். ஓட வைத்தது ஆர்வம் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

“எப்பிடித் தெரியும் அவர்தான் எண்டு?”

“இடது தோள் பதிஞ்சு கிடக்குப் பாருங்கோ. மரக்கறிப் பெட்டி தூக்கின தோள்.”

“லாச்சப்பலிலை பாதிப்பேருக்கு அப்பிடித்தான் பிள்ளை.”

“அப்ப கழுத்தைப் பாருங்கோ.”

ஓவியத்தில் இருந்தவரின் கழுத்தில் ஒரு மஞ்சள் மஃப்ளர். நுனியில் சேலைக் கரை போல ஒரு சிவப்புக் கோடு.

“அது என்ரை. முதல் நாள் பின்னேரம்தான் வாங்கினனான். சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிடேக்கை கொழுவியிலை தொங்கினதிலை கையிலை பட்டதை இழுத்துக்கொண்டு போனவர். பிறகு அது கிடைக்கவே இல்லை.”

மாக்சிம் சிரிப்பதை நிறுத்தினான். தாட்சாயினி ஓவியத்துக்கு இன்னும் கிட்டப் போனாள்.

“அப்ப அந்த மஃப்ளரோடை அவரை அந்த ஒரு நாள்தான் ஆரும் கண்டிருக்கேலும்” என்றாள். “படத்திலை நிக்கிறது ஆர் எண்டு நீங்கள் சொல்லிப்போட்டியள். எனக்குத் தெரிய வேண்டியது வேறை. அவருக்குப் பின்னாலை நிண்டது ஆர்?”

கஜந்தினி கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உணவக முதலாளி குகதாசன் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தார். மத்தியானக் கூட்டம் முடிந்து கடை ஓய்ந்திருந்தது.

“இந்தப் படம் எங்கையிருந்து வந்தது அண்ணை?”

“போன கிழமை ஒரு வயசான ஆள் கொண்டுவந்து தந்தவர். சும்மா தாறன், இந்த மேசைக்கு நேரை மாட்டுங்கோ எண்டார். வடிவாத்தானே கிடக்கு எண்டு இண்டைக்குத்தான் மாட்டினன்.”

“இந்த மேசையிலை ஆர் இருக்கிறது?”

குகதாசன் கஜந்தினியைப் பார்த்தார்.

“நான்தான்” என்றாள் அவள். “மத்தியானத்திலை தனிய இதிலைதான் இருந்து சாப்பிடுறனான்.”

“ஆள் எந்த ஊர்ப் பக்கம் அண்ணை?”

“கதைக்கிறது பாண்டிச்சேரித் தமிழ். உந்தத் தம்பி மாதிரி.”

“என்னை மாதிரி அழகாவா?” என்றான் மாக்சிம்.

“இல்லைத் தம்பி. அமைதியா.”

தாட்சாயினி ஓவியத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். படம் புதுசு, சட்டம் பழசு. பொன் பூச்சு உரிந்திருந்தது. மேல் கட்டையின் நடுவில் ஒரு சின்னச் சிலுவை செதுக்கியிருந்தது. கீழ்க் கட்டையில் ரோமன் எழுத்தில் ஒன்பது.

மாக்சிம் அந்த எழுத்தைத் தொட்டான். “இது சிலுவைப்பாதைச் சட்டம் அக்கா. கோயில்ல சுவரச் சுத்தி பதினாலு படம் இருக்கும். தவக்காலத்துல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொண்ணுக்கும் முன்னால முட்டி போடணும். என் முட்டிகிட்ட கேட்டீங்கன்னா வரிசையா ஒப்பிக்கும்.”

“ஒன்பதிலை என்ன?”

“ஒன்பதாம் ஸ்தலம்.” அவன் குரல் இறங்கியது. “இயேசுநாதர் மூணாந்தரம் கீழ விழறாரு.”

தாட்சாயினி விரலால் அந்த எண்ணைத் தடவினாள்.

“கையிலை அகப்பட்ட சட்டத்தைப் போடுற ஆள் நம்பரைச் சுரண்டியிருப்பார்” என்றாள் தாட்சாயினி. “இவர் சுரண்டேல்லை. ஆராவது வாசிக்கோணும் எண்டு விட்டிருக்கிறார்.”

படத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவருகே போனாள். வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்தாள். சாயத்தின் மேடு பள்ளம் எல்லாம் தெரிந்தது. சேந்தனின் கால்கள் புல்லில், பாறை விளிம்பிலிருந்து நன்றாகப் பின்தள்ளி நின்றன. ஆனால் விளிம்பில், பச்சைச் சாயத்துக்கு அடியில், இரண்டு சின்ன மேடுகள். அங்கே முதலில் எதையோ வரைந்து பிறகு புல்லால் மூடியிருந்தார்கள். அவள் அதைக் கஜந்தினிக்குக் காட்டவில்லை.

“மாக்சிம், பழைய சிலுவைப்பாதைச் சட்டம் ஆற்றை கையிலை கிடைக்கும்?”

“சவரியம்மாள் அத்தையக் கேட்டா தெரியும். பாரீசுல எந்தக் கோயில்ல எந்த மெழுகுவர்த்தி அணைஞ்சாலும் அவங்களுக்குச் சேதி வரும்.”

அவன் வாசலில் நின்று பேசினான். ஈஸ்டருக்குப் பிறகு ஏன் பூசைக்கு வரவில்லை என்று முதலில் விளக்க வேண்டியிருந்தது. உள்ளே வரும்போது காது சிவந்திருந்தது.

“ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கோயில். ஈரத்துல படமெல்லாம் கெட்டுப்போய்ப் புதுசு மாத்திட்டாங்களாம். பழைய சட்டம் அத்தனையும் பக்கத்து மண்டபத்துல கெடக்கு. அங்க சனிக்கிழமையில ஓவியம் சொல்லிக் குடுக்கறது இஞ்ஞாசின்னு ஒருத்தர். தபாலாபீசுல இருந்து ரிட்டையர் ஆனவரு. பொண்டாட்டி செத்துப்போய்த் தனிக்கட்டை. நல்ல மனுஷன்னு அத்தை சொல்றாங்க. ஆனா ஒண்ணு. ரெண்டு வருஷமா நற்கருணை வாங்கறது இல்லியாம். கடைசி பெஞ்சுல உக்காந்துட்டுப் போயிடறாராம்.”

“அப்பிடி எண்டால்?”

“மனசுல பெரிய பாவம் வச்சிருக்கறவங்க வாங்க மாட்டாங்க. இல்லன்னா என்னை மாதிரி சோம்பேறிங்க. சோம்பேறி கடைசி பெஞ்சு வரைக்கும் கூட வர மாட்டான் அக்கா.”

“இண்டைக்கு என்ன நாள்?”

“சனி.”

தாட்சாயினி கஜந்தினியின் தோளில் கை வைத்தாள். “நீங்கள் இஞ்சையே இருங்கோ. நான் திரும்பி வருவன்.”

“போன முறையும் நீங்கள் ஏதோ சொன்னனீங்கள் அக்கா” என்றாள் கஜந்தினி. குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அதனாலேயே தாட்சாயினிக்குச் சுட்டது.

மண்டபத்தில் வகுப்பு முடிந்திருந்தது. உயரமான ஒரு முதியவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க நிலக்காட்சிகள். பனி மூடிய வயல், இலை உதிர்த்த மரங்களுக்குப் பின்னால் நிலவு, இடிந்த கோயில் ஒன்று, வெறுங்கடல். ஒன்றிலும் மனிதர் இல்லை.

“எல்லாரும் லீவு விட்டு வக்கான்ஸ் போயிட்டாங்களா?” என்று மாக்சிம் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

முதியவர் திரும்பினார். தாட்சாயினியின் கக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். பிறகு பழையபடி தூரிகையைக் கழுவினார்.

“இதுகளிலை ஆக்களே இல்லை ஐயா” என்றாள் அவள்.

“ரெண்டு வருஷமா ஆள் வரையறது இல்ல.”

“இதிலை ஒருவர் நிக்கிறார். ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார்?”

இஞ்ஞாசி கையைத் துடைத்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது போலும். குரலில் வகுப்பெடுப்பவரின் பழக்கம் வந்தது.

“இருநூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவுல சில பேர் இப்படி வரைஞ்சாங்கம்மா. அதுவரைக்கும் சாமி படம்னா சாமி இருக்கும், றெக்கை வச்ச சம்மனசு இருக்கும். இவங்க அதெல்லாம் விட்டுட்டு மலையையும் பனியையும் வரைஞ்சாங்க. நடுவுல ஒரே ஒரு ஆள், சின்னதா. முகம் தெரிஞ்சா நாம அவனப் பாப்போம். முதுகு தெரிஞ்சா அவன் பாக்கறதப் பாப்போம். அவன் நின்ன எடத்துல போய் நாமளும் தனியா நிப்போம். தனியா நின்னாத்தான் கேக்கும்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை.”

“என்ன கேக்கும்?” என்றான் மாக்சிம்.

“அது அவங்கவங்க பாடு.”

தாட்சாயினி யோசித்தாள். “எங்கடை கோயிலிலையும் அப்பிடித்தான். எனக்கு முன்னாலை நிண்டு கும்பிடுறவையின்ரை முதுகைத்தான் நான் கண்டிருக்கிறன். முகம் சாமிக்கு.”

முதியவர் முதல் முறையாகச் சிரித்தார். “சேந்தனும் இதையேதான் சொன்னான்.”

வெளியே ஒரு ரயில் கடந்தது. மூவரும் அது போய் முடியும்வரை நின்றார்கள்.

“அந்தப் பேரை நாங்கள் இன்னும் சொல்லேல்லை ஐயா.”

“தெரியும்மா” என்றார் இஞ்ஞாசி. “நாந்தான் சொன்னேன்.”

அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். கேட்காமலே பேசத் தொடங்கினார். சேந்தன் ஒருநாள் மரக்கறி வானை மண்டப வாசலில் நிறுத்தலாமா என்று கேட்க உள்ளே வந்தான். வந்தவன் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டான். வெளியே வான்கள் ஹோர்ன் அடித்தும் நகரவில்லை. படத்தில் முதுகு காட்டி நின்றவரைக் காட்டி, இந்த ஆள் என்னத்தைப் பார்க்கிறார் என்று கேட்டான். பிறகு அடிக்கடி வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ரயிலேறிக் கடற்கரைக்குப் போனார்கள். இவர் வரைவார், அவன் நிற்பான்.

“வீட்டுல சொன்னியான்னு கேட்டேன். 'கடலைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கப் போறன் எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது, விசர் எண்டு நினைப்பினம்'னான். விடியக்காலம் மார்க்கெட்டு, பகல் முழுக்க போன், பாரீசுக்கு வெளிய செவ்ரான்ல ஒரே ரூம் வீடு. ஒரு ஆளுக்கும் பதில் சொல்லாம நிக்கற நேரம் இதுதான்னு சொல்வான். ஒரு தடவ நின்னுட்டே அழுதான். ஏன்னு நான் கேக்கல. முதுகப் பாத்தே தெரிஞ்சுது, அது துக்கம் இல்லன்னு.”

தாட்சாயினி படத்தை ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தாள்.

“படத்திலை அவர் புல்லிலை நிக்கிறார். ஆனால் விளிம்பிலை, பச்சைக்குக் கீழை, இன்னொரு சோடிக் கால் கிடக்கு. அவர் எங்கை நிண்டவர் ஐயா?”

இஞ்ஞாசியின் கை முழங்காலைத் தேய்த்தது.

“விளிம்புல.”

“ஏன்?”

“நான் போகச் சொன்னேன்.”

மாக்சிம் ஜன்னலருகே வந்து படத்தின் விளிம்பைப் பார்த்தான்.

“மொதல்ல புல்லுலதான் நின்னான். பக்கத்துல தடுப்புக் கயிறு, ஒரு எச்சரிக்கை பலகை. பாக்கறதுக்கு யாரோ டூரிஸ்ட் மாதிரி இருந்துச்சு. கயித்தத் தாண்டிப் போ, உன்னச் சுத்திப் பனி மட்டும் இருக்கட்டும்னேன். போனான். இன்னும் கொஞ்சம்னேன். போனான்.” அவர் ஜன்னலருகே இருந்த படத்தைப் பார்த்தார். “அழகா இருந்துச்சும்மா. அவ்வளவு அழகா நான் எதையும் பாத்ததில்ல. கால வரைஞ்சு முடிச்சு நிமிந்தேன். பாறையோட ஓரம் இல்ல. அவனும் இல்ல. சத்தங்கூட வரல.”

“பிறகு?”

“கீழ எறங்கி ஓடினேன். தண்ணி ஏறியிருந்துச்சு. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போனேன். யார்கிட்டயாவது சொல்லணும் சொல்லணும்னு நெனச்சிகிட்டே பாரீஸ் வந்து எறங்கிட்டேன்.”

“அவர்தான் எண்டு வீட்டாக்களுக்கு உடனை தெரியவும் இல்லை. கரையிலை ஆளை எடுக்க நாளாச்சு.”

“தெரியும். கண்ணீர் அஞ்சலி நோட்டீசுல பாத்தேன். கடை கடையா ஒட்டியிருந்தாங்க. முப்பத்தொண்ணாம் நாள் காரியச் சாப்பாட்டுக்கு அவங்க பிடிச்ச மண்டபத்துக்குப் போனேன். தானா குதிச்சுட்டான், வீட்டுல சண்டைன்னு பக்கத்துல ரெண்டு பேர் பேசிகிட்டாங்க. அந்தம்மா எதிர்க்கதான் உக்காந்திருந்தாங்க. நான் வாயத் திறக்கல.”

“ஏன்?”

இஞ்ஞாசி தரையைப் பார்த்தார். “எனக்கு அது வசதியா இருந்துச்சு” என்றார்.

அதைவிட மோசமான ஒரு பதிலை எவரும் சொல்லித் தாட்சாயினி கேட்டதில்லை. அதைவிட உண்மையானதையும் கேட்டதில்லை.

“அப்புறம் வீட்டுல அந்தக் கால அழிச்சுட்டு அவனப் புல்லுக்கு இழுத்து விட்டேன். திரும்பத் திரும்ப இழுத்தேன். என் கையால முடிஞ்சது அவ்வளவுதான்.”

“சாயத்துலதானே இழுத்தீங்க” என்றான் மாக்சிம். அவன் குரலில் பகடி இல்லை.

“அந்தப் பிள்ளையின்ரை மேசைக்கு நேரை ஏன் மாட்டச் சொன்னனீங்கள்?”

“அவங்க அங்க தனியா சாப்பிடறத வெளிய நின்னு பாத்திருக்கேன். போய்ச் சொல்ல தைரியம் இல்லம்மா. அவங்களே கண்டுபிடிக்கட்டும்னு.”

“அந்தப் பாரத்தையும் அவவின்ரை தலையிலைதான் வைச்சிருக்கிறியள்” என்றாள் தாட்சாயினி. சொன்ன பிறகு, தானும் அந்தத் தலையில் ஒரு குளிசைப் பெட்டியை வைத்து அனுப்பியது நினைவுக்கு வந்தது. குரலைத் தணித்தாள். “எழும்புங்கோ ஐயா. முதல் அந்த மேசைக்கு. அதுக்குப் பிறகு பொலிசுக்கு, கொமிசாரியாவுக்கு.”

அவர் எழுந்தார். மாக்சிம் அவருக்குக் கோட்டைப் போட்டுவிட்டான்.

உணவகத்தில் குகதாசன் கதவைச் சாத்தி வைத்திருந்தார். கஜந்தினி அதே கதிரையில் இருந்தாள். இஞ்ஞாசி உட்காரவில்லை. மண்டபத்தில் சொன்னதையெல்லாம் ஒன்றையும் விடாமல் நின்றபடியே சொன்னார். கயிற்றைத் தாண்டச் சொன்னதை இரண்டு முறை சொன்னார். வசதியாக இருந்தது என்ற சொல்லையும் மறைக்கவில்லை.

கஜந்தினி அழவில்லை. முகம் இறுகியிருந்தது.

“போய்த் துலையுங்கோ எண்டனான்” என்றாள், யாரையும் பார்க்காமல். “கதவடியிலை வைச்சு அதைத்தான் சொன்னனான். வேறை ஆரோ பொம்பிளையிட்டைப் போறார் எண்டு நினைச்சு. அதைக் கேட்டுப்போட்டுத்தான் போய்க் குதிச்சவர் எண்டு ரெண்டு வருசமா இருந்தனான்.” பிறகு அவரை நேராகப் பார்த்தாள். “அங்கை நிண்டு என்ன கதைச்சவர்? கடைசியா?”

“பெரிசா ஒண்ணும் இல்லம்மா.”

“என்னவாயிருந்தாலும் சொல்லுங்கோ.”

“விளிம்புல போய் நின்னதும் திரும்பாமலே ஒரு சத்தம் குடுத்தான். 'படத்தைக் கெதியாக் கீறுங்கோ அண்ணை, பசிக்குது'ன்னான்.”

“பசிக்குது எண்டவரோ?”

“ஆமாம்மா. மேல ஒரு கடையில சாப்பிட க்ரெப் வாங்கித் தரேன்னு சொல்லியிருந்தேன்.”

கஜந்தினியின் இரண்டு கைகளும் வாயைப் பொத்தின. அவளுடைய தோள்கள் குலுங்கின. குகதாசன் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சாகப் போற ஆளுக்குப் பசிக்குமோ அக்கா?”

“இல்லை பிள்ளை” என்றாள் தாட்சாயினி. “அவர் சாப்பிட்டிட்டு வீட்டை வர இருந்தவர்.”

இஞ்ஞாசி கைகளைக் கூப்பினார். “என்ன மன்னிச்சிடுங்கம்மா.”

“அதை இப்ப என்னட்டைக் கேளாதேங்கோ.” அவள் முகத்தைத் துடைத்தாள். “பொலிசிலை எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஆனால் முதல் இதைச் சொல்லுங்கோ. அவருக்குப் பசிச்சது எண்டு. முதல் அதை எழுதட்டும்.”

கொமிசாரியா நடந்து போகிற தூரம்தான். சனிக்கிழமைக் கூட்டத்தில், மரக்கறிப் பெட்டிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் இடையில், இஞ்ஞாசி முன்னால் நடந்தார். தாட்சாயினியும் மாக்சிமும் பின்னால் வந்தார்கள். வழி முழுக்க மாக்சிம் ஒரு பகிடியும் விடவில்லை. ஒரு தடவை மட்டும், “அக்கா, அந்தம்மாவுக்கு இனியாவது தூக்கம் வருமா?” என்று கேட்டான்.

“தெரியேல்லை மாக்சிம்.”

கொமிசாரியாவில் மேசைக்கு அப்பால் இருந்த இளம் அதிகாரி என்ன விஷயம் என்று கேட்டாள். இஞ்ஞாசி தொப்பியைக் கழற்றினார்.

“ஒரு மனிதர் தனக்குப் பசிக்கிறது என்று சொன்னார்” என்றார் பிரெஞ்சில்.

அதிகாரி தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவருக்குப் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தாள். “உட்காருங்கள் முசியு. முதலிலிருந்து சொல்லுங்கள்.”

“இதுதான் முதல்” என்றார் இஞ்ஞாசி. “இதை எழுதுங்கள். மிச்சத்தைச் சொல்கிறேன்.”